பல் டாக்டரின் முயல்

அத்தியாயம் 9

முயல் பிடிக்கிற நாயை மூஞ்சியைப் பார்த்தாலே தெரியும் என்பார்கள். அன்று காலை வாய்தாவின் மூஞ்சியைப் பார்த்தவர்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. இடது கன்னம் உப்பி, அந்தப் பக்கத்துக் கண் பாதி மூடியிருந்தது. மூன்று நாளாக ஒரு கடைவாய்ப் பல் அவனைப் படாத பாடு படுத்திக்கொண்டிருந்தது.

அவன் முன்பு கோர்ட்டில் குமாஸ்தா. எந்தக் கேஸையும் தள்ளிப் போட வைப்பதில் கெட்டிக்காரன் என்பதால் வந்த பெயர்தான் வாய்தா. அந்தப் பல்லுக்கும் அவன் மூன்று வருஷமாக வாய்தா வாங்கிக்கொண்டுதான் இருந்தான். இன்றைக்குப் பல் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

"நல்லதாப் போச்சு" என்றார் கொக்கி மேடம். "நோயாளின்னு பொய் சொல்லி உள்ள போக வேண்டியதில்லை."

இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபது வருஷம் பொய் க்ளெய்ம்களைப் பிடித்துவிட்டு, இப்போது தனியாகத் துப்பறிகிறவர் அவர். யார் எதைச் சொன்னாலும் வாலில் ஒரு கேள்விக்குறியை மாட்டித் தொங்கவிடுவார். அதனால் கொக்கி. தனக்கு அப்படி ஒரு பெயர் இருப்பதும், அதை வைத்தவன் தன் உதவியாளன்தான் என்பதும் அவருக்குத் தெரியாது என்று வாய்தா நம்பிக்கொண்டிருந்தான்.

இருவரும் உட்கார்ந்திருந்தது பல் டாக்டரின் கிளினிக்கில், நோயாளிகள் காத்திருக்கும் அறையில். மூலையில் ஒரு கம்பிக் கூண்டு. அதற்குள் கறுப்புப் புள்ளி போட்ட முயல் ஒன்று, மிளகு என்று பெயர். போன புதன்கிழமை வரைக்கும் கூட மாவு என்ற வெள்ளை முயலும் இருந்தது. டாக்டரின் மகள் வளர்த்தவை. அவள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனபோது அப்பாவிடம் விட்டுப் போனாள். ஊசிக்குப் பயப்படுகிறவர்கள் முயலைப் பார்த்துக் கொஞ்சம் பயம் தெளிகிறார்கள் என்று டாக்டர் கூண்டைக் கிளினிக்குக்குக் கொண்டுவந்து வைத்தார்.

புதன்கிழமை காலையில் மாவு செத்துக் கிடந்தது. பதினோரு வருஷமாகக் கூட வேலை பார்த்த நர்ஸம்மாதான் விஷம் வைத்தாள் என்றார் டாக்டர். ஆதாரம், கேமராவில் பதிவான அரை நிமிஷம். திங்கட்கிழமை சாயங்காலம் நர்ஸம்மா தன் பையிலிருந்து பச்சையாக ஏதோ ஒரு கட்டை எடுத்துக் கூண்டுக்குள் வைக்கிறார். பிறகு அலமாரியிலிருந்த கண்ணாடி ஜாடியை எடுத்து அதே பைக்குள் போட்டுக்கொள்கிறார். அன்றைக்கே வேலை போயிற்று. இரண்டு நாளில் முயலும் போயிற்று.

வெள்ளிக்கிழமை டாக்டர் கொக்கி மேடத்தைப் போனில் கூப்பிட்டு, விஷம் வைத்ததை நிரூபித்துக் கொடுங்கள் என்று கேட்டார். வேலை கொடுத்தவருக்கே தெரியாமல் முதலில் இடத்தை ஒரு தடவை பார்த்துவிடுவது மேடத்தின் வழக்கம். ஏன் இத்தனை அவசரம் என்பதும் பிறகு தெரிந்தது. நர்ஸம்மா ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலைக்கு விண்ணப்பித்திருந்தார். அங்கிருந்து பழைய முதலாளியான இவரிடம், இந்தம்மாவை நம்பி எடுக்கலாமா என்று கேட்டிருந்தார்கள். இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் பதில் வேண்டும். முயலுக்கு விஷம் வைத்தவள் என்று ஒரு வார்த்தை போனால் போதும், அதன் பிறகு எந்த ஆஸ்பத்திரி வாசலையும் அந்தம்மா மிதிக்க முடியாது.

கொக்கி மேடம் கூண்டுக்குப் பக்கத்தில் குனிந்தார். பின்மூலையில், தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பின்னால், நூல் சுற்றிய ஒரு காய்ந்த கட்டு கிடந்தது. புதிதாக வந்திருந்த வரவேற்புப் பெண் தட்டை மட்டும் மாற்றுவாள் போலிருக்கிறது. மேடம் அதை விரலால் இழுத்து எடுத்து மோந்து பார்த்தார்.

"புல்லு" என்றார். "சாதாரணப் புல்லு. நூல்கூட அவிழலை."

வாய்தா கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சொன்னான். "அப்ப கேஸ் முடிஞ்சுது மேடம். விஷமாவே இருந்தாலும், திங்காத விஷத்துல யாரும் சாகுறதில்லை."

"நீ முடிச்சிட்டே. எனக்கு இப்பத்தான் ஆரம்பிக்குது. ரெண்டு முயல். முன்னால பச்சைப் புல்லு. ரெண்டுமே ஏன் வாய வைக்கலை?"

அதற்குள் அவன் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

*

டாக்டரின் கை பூப்போன்ற கை. ஊசி போட்டது தெரியவில்லை, பல் வந்ததும் தெரியவில்லை. அந்த மனிதர் பிடுங்கிய பல்லை விளக்கில் காட்டி, மூன்று வருஷத்துக்கு முன்பே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமே என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். வாய்தாவுக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. அதுதான் பின்னால் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது.

வாய் நிறையப் பஞ்சை அடைத்து வெளியே அனுப்பினார்கள். பாதி முகம் மரத்துப் போயிருந்தது. பேசிப் பார்த்தான். அவன் காதுக்கே அது விளங்கவில்லை. வரவேற்புப் பெண் சிரித்துக்கொண்டே ஒரு கண்ணாடி ஜாடியை நீட்டினாள். உள்ளே சட்டைப் பொத்தான் அளவில் ரோஸ் நிறத்திலும் வெள்ளையிலும் தயிர் மிட்டாய்கள்.

"இன்னிக்கு முழுக்க உங்களுக்கு இனிப்பு கிடையாது சார். உங்களுக்குப் பதிலா முயலுக்கு ஒண்ணு போடுங்க. இங்க அதுதான் வழக்கம்."

வாய்தா ரோஸ் நிறமாகப் பார்த்து ஒன்று எடுத்துக் கம்பி வழியாக நீட்டினான். மிளகு மெல்ல நகர்ந்து வந்து நக்கியது. அதன் மோவாயும் நெஞ்சு முடியும் எச்சில் பட்டது போல் நனைந்திருந்தன. மிட்டாய் கரைகிற வரை நக்கிக்கொண்டே இருந்தது. அவனுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. பல் போன துக்கம்கூடக் கொஞ்சம் மறந்து போயிற்று.

வாசலுக்கு வந்ததும் மேடம் நோட்டை நீட்டினார். அவன் நடந்ததை எழுதிக் காட்டினான். கடைசியில், நல்ல வழக்கம், நம் ஆபீஸிலும் வைக்கலாம் என்றும் சேர்த்திருந்தான்.

மேடம் அதைப் படித்துவிட்டுச் சிரிக்கவில்லை. "உன் டோக்கன் நம்பர் என்ன?"

பதினான்கு என்று எழுதினான்.

"மணி இன்னும் பதினொண்ணு ஆகலை" என்றார் மேடம். வாசலோரக் குப்பைக்கூடையைக் காலால் சாய்த்து, மேலே கிடந்த காலி மிட்டாய்ப் பாக்கெட்டை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். பாக்கெட்டின் மேல் ஒரு முயல் இரண்டு பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது.

*

வளர்ப்புப் பிராணிகளுக்குத் தீனி விற்கும் கடை இரண்டு தெரு தள்ளி இருந்தது. வாசலில் கிளிக் கூண்டுகள், உள்ளே ஒரு சுவர் முழுக்கப் பாக்கெட்டுகள். தயிர் மிட்டாய், தேனில் ஒட்டிய விதைக் குச்சி, சோளமும் சூரியகாந்தி விதையும் கலந்த கலவை, முயல் வடிவ பிஸ்கட், காய்ந்த வாழைப்பழச் சில்லு. எல்லாவற்றிலும் முயல் சிரித்தது.

கடைக்காரர் பேச்சுக்கு ஆள் கிடைக்காதவர். மேடம் ஒவ்வொன்றாக விசாரிக்க, அவரே தன் சரக்கைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டார். முயலுக்கு முக்கால்வாசி உணவு காய்ந்த புல்தானாம். தயிர் மிட்டாயில் பாலும் சர்க்கரையும். முயல் வயிற்றுக்கு இரண்டும் ஆகாது. விதையில் கொழுப்பு. சோளத் தோல் குடலில் போய் அடைக்கும். குச்சியைக் கடித்தால் துண்டு தொண்டையில் மாட்டும். பழமாவது துளி கொடுக்கலாம், சில்லாகக் காய்ந்துவிட்டால் அதுவும் சர்க்கரைக் கட்டிதான்.

"எல்லாம் ஆகாதுன்னா யாருக்காக விக்கிறீங்க?" என்று கேட்டார் மேடம்.

"வாங்குறவங்களுக்காக. முயல் பர்ஸ் எடுத்துக்கிட்டு கடைக்கு வர்றதில்லையே."

"உங்க வீட்ல முயல் இருக்கா?"

"மூணு இருக்கு. அதுங்களுக்குப் புல்லுதான்" என்றார் அவர், கொஞ்சமும் கூசாமல்.

வாய்தாவுக்கு நாக்கு துறுதுறுத்தது. இதற்கு நாலு பதில் தயாராக இருந்தது. வாயில் பஞ்சு இருந்தது.

பல் கிளினிக்குக்கு வாரம் மூன்று பாக்கெட் போகிறது என்றார் கடைக்காரர். அங்கே என்ன முயல் பண்ணையா நடக்கிறது என்று அவரும் நினைத்ததுண்டாம். போன மாதம் அங்கிருந்து ஒரு நர்ஸம்மா வந்து, கிளினிக்குக்கு இனி இதைக் கொடுக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டார். வருகிற வியாபாரத்தை எப்படி வேண்டாம் என்பது? அந்தம்மா புல் மட்டும் ஒரு கட்டு வாங்கிக்கொண்டு போனாராம்.

"டாக்டர் விசாரிக்க மாட்டாரா?"

"கேட்டாரே. போன வியாழக்கிழமை அவரே போன் பண்ணி, இதுல பால் சேர்த்திருக்கான்னு கேட்டார். ஆமாங்கன்னேன். சும்மாதான் கேட்டேன்னு வெச்சிட்டார்."

மேடம் எதையோ கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டார். வாய்தா அதைக் கவனித்தான். கொக்கி மாட்டாமல் மேடம் ஒரு பதிலை விட்டதை அவன் அதுவரை பார்த்ததில்லை. கைப்பையிலிருந்த காலிப் பாக்கெட்டை எடுத்து, மடிப்பைப் பிரித்து, உள்ளே எறும்பு எழுத்தில் இருந்த வரியை அவனுக்குக் காட்டினார். ஒரு முயலுக்கு நாளொன்றுக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம் என்று போட்டிருந்தது.

*

நர்ஸம்மாவின் வீடு ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இரண்டு அறைகள். நாற்காலியில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சேலை மடித்து வைத்திருந்தது. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கட்டிக்கொண்டு போவதற்கு. அவருடைய கணவர் முதுகெலும்பு நோயாளி, உள் அறையில் படுத்திருந்தார். அந்த வீட்டுக்கு வேறு சம்பளம் கிடையாது.

ஜாடியைத் திருடினீர்களா என்று மேடம் கேட்டதும், நர்ஸம்மா அலமாரிக்குள்ளிருந்து அதை எடுத்து மேசை மேல் வைத்தார். ஒரு மிட்டாய்கூடக் குறையாமல் இருந்தது. டாக்டர் மறுநாளே புது ஜாடி வாங்கி வைத்துவிட்டதை மேடம் சொல்ல, தெரியும் என்பது போல் தலையாட்டினார்.

மூன்று தடவை டாக்டரிடம் சொன்னாராம். முதல் தடவை டாக்டர் சிரித்தார். இரண்டாம் தடவை, ஒரு மிட்டாயில் என்ன ஆகிவிடும் என்றார்.

"ஒரு ஆளுக்கு ஒண்ணுதானேன்னு கேட்டார். ஆளுக்கு ஒண்ணுதான் டாக்டர், முயலுக்கு எத்தனைன்னு நான் கேட்டேன். மூணாவது தடவை, வாயப் பத்தி எனக்கே சொல்லித் தர்றியான்னு எல்லார் முன்னாலயும் சத்தம் போட்டார். அதுக்கு மேல என்ன பேசறது?"

அதனால்தான் பேசாமல் ஜாடியை எடுத்துவிட்டுப் புல்லை வைத்தார். மேடம் இதை எழுதித் தரச் சொன்னபோது மட்டும் அவர் தயங்கினார். டாக்டரின் மகளுக்கு இது தெரிய வேண்டுமா என்று கேட்டார். அந்தப் பெண்ணுக்கு அம்மா இல்லை, பள்ளிக்கூடம் விட்டதும் கிளினிக்குக்குத்தான் வருவாள், தலை பின்னிவிட்டதெல்லாம் தான்தான் என்றார். எனக்கு வேலை மட்டும் கிடைத்தால் போதும், அவரைச் சிறுமைப்படுத்தி ஆகப்போவது என்ன என்றார். வாய்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பஞ்சைச் சரிசெய்யத்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டான்.

*

நாலரை மணிக்குக் கிளினிக்கில் டாக்டரின் அறைக் கதவைச் சாத்திவிட்டு மேடம் உட்கார்ந்தார். மேசை மேல் காய்ந்த புல் கட்டு, பாக்கெட், நோயாளிகளின் டோக்கன் நோட்டு மூன்றையும் வைத்தார். நோட்டு மட்டும் கிளினிக்குடையது. வரவேற்பறையைத் தாண்டும்போது வாய்தா கையோடு கொண்டுவந்திருந்தான்.

"போன சனிக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை நீங்க இலவச முகாம் நடத்துனீங்க டாக்டர். வந்தவங்க நாப்பத்திரண்டு பேர். ஆளுக்கு ஒண்ணு. ரெண்டு முயலுக்கு நாப்பத்திரண்டு. பாக்கெட்ல போட்டிருக்கிறது நாளைக்கு ஒண்ணு."

டாக்டர் டோக்கன் நோட்டைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார்.

"மத்த நாளும் இதே கதைதான், மாசக் கணக்கா இனிப்பிலேயே வயிறு ரொம்பிடுச்சு. புல்லைக் கடிக்கலை. முயல் பல்லு ஆயுசு முழுக்க வளரும், புல்லை அரைச்சு அரைச்சுத்தான் தேயும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தேயாத பல்லு கூராகி நாக்கைக் குத்தும், எச்சில் வடியும். அதுக்கப்புறம் நினைச்சாலும் புல்லைத் திங்க முடியாது. குடல் நின்னு போகும். நர்ஸம்மா புல்லு வெச்சப்பவே நேரம் கடந்து போச்சு."

"இதெல்லாம் ஊகம்" என்றார் டாக்டர். "அவ வெச்ச அன்னிக்கு அப்புறம்தான் செத்துது. கேமராவுல இருக்கு."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று வாய்தா நினைத்துக்கொண்டான். மரப்பு விட ஆரம்பித்திருந்தது. ஆனாலும் அவன் வாயைத் திறக்கவில்லை.

"ஊகம்னா வியாழக்கிழமை ஏன் கடைக்காரருக்குப் போன் பண்ணிப் பால் இருக்கான்னு கேட்டீங்க?" மேடத்தின் குரல் உயரவே இல்லை. "முயல் செத்தது புதன். பால் இருக்கான்னு கேட்டது வியாழன். விஷம்னு என்னைக் கூப்பிட்டது வெள்ளி."

டாக்டர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் வாய்தாவின் பல்லை வலிக்காமல் எடுத்த கைகள். பிறகு சொன்னார். புதைப்பதற்கு முன்னால் மாவின் வாயைத் திறந்து பார்த்தாராம். பழக்க தோஷம். இரண்டு பக்கமும் கடைவாய்ப் பல் முள்ளாக வளர்ந்து நாக்கைக் கிழித்திருந்தது. தினமும் இருபது முப்பது வாயைப் பார்க்கிறவர், மூலையில் இருந்த அந்த வாயை ஒரு நாள்கூடப் பார்க்கவில்லை.

"அதுக்குள்ள பொண்ணுகிட்ட சொல்லிட்டேன், நர்ஸ் விஷம் வெச்சிட்டான்னு. அழுதா. அப்புறம் எப்படி மாத்திச் சொல்றது? நீங்க ஒரு தாள்ல எழுதிக் கொடுத்திட்டா, நானே அதை நம்பிடலாம்னு நினைச்சேன்."

"அது தெரிஞ்சும், இன்னிக்குக் காலைல வரைக்கும் மிட்டாய் போட வைக்கிறீங்களே?"

"நிறுத்தினா, ஏன் நிறுத்தினீங்கன்னு கேப்பாங்க."

வாய்தாவுக்கு அந்த மனிதரை அடிக்க வேண்டும் போலிருந்தது. கூடவே, அவர் இப்படிச் சுருங்கிப் போய் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவும் முடியவில்லை. மேடம் மேசை மேலிருந்த போனை அவர் பக்கம் தள்ளினார். மணி நாலு ஐம்பது. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு உண்மையைச் சொல்லுங்கள், மற்றதை உங்கள் மகளிடம் நீங்களே எப்போது வேண்டுமானாலும் பேசிக்கொள்ளுங்கள் என்றார்.

டாக்டர் போனைத் தொடவில்லை.

"மத்தியானமே கேட்டாங்க" என்றார். "சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

அவர் புல் கட்டை மேடம் பக்கம் தள்ளிவைத்தார். வாயால் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

மேடம் அவரையே பேச வைத்தார். ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார் டாக்டர். தவறு என்னுடையது, அந்தம்மா மேல் ஒரு குற்றமும் இல்லை என்று இரண்டு தடவை சொன்னார். அந்தப் பக்கத்துக் குரல் மரியாதையாகத்தான் பேசியது. இரண்டு மணிக்கே அடுத்தவரைக் கூப்பிட்டு நியமனக் கடிதமும் கொடுத்தாயிற்று. ஒரே நாளில் ஒரே ஆளைப் பற்றி இரண்டு விதமாகச் சொல்கிறீர்களே, எதை நம்புவது என்றும் கேட்டது.

டாக்டர் தாளில் நீளமாக ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வேலைக்குத் திரும்பி வரச் சொல்லுங்கள், சம்பளத்தை உயர்த்துகிறேன் என்றார். மேடம் கடிதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு நர்ஸம்மாவுக்குப் போன் செய்தார். எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். 

பிறகு மேடம் போனைக் கையால் பொத்திக்கொண்டு டாக்டரிடம் சொன்னார். "இங்க வேலை வேண்டாமாம். அந்த முயலைக் கொடுத்தனுப்ப முடியுமான்னு கேக்கறாங்க."

*

மிருக வைத்தியர் மிளகின் பல்லை ராவிவிட்டு, பிழைத்தால் பிழைக்கும், ராத்திரிக்குள் புழுக்கை போடுகிறதா பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். கூண்டை மூன்று மாடி தூக்கிக்கொண்டு ஏறியது வாய்தா. மரப்பு முழுக்க விட்டுப் பல் போன இடம் விண்விண் என்று தெறித்தது. வாய் வேலை செய்தது. சொல்வதற்குத்தான் ஒன்றும் இல்லை.

இஸ்திரி போட்ட சேலை நாற்காலியில் அப்படியே இருந்தது. நர்ஸம்மா கடிதத்தை வாங்கிப் பிரிக்காமல் அதன் மேல் வைத்தார். தரையில் உட்கார்ந்து மிளகை மடியில் எடுத்து, ஈரமான மோவாயைத் துணியால் ஒற்றினார். ஒரு புல்லை நீட்டினார். அது மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. துணியில் மிட்டாயின் ரோஸ் நிறம் லேசாக ஒட்டியிருந்தது.

அதைப் பார்த்துவிட்டு, அவன் உப்பிய கன்னத்தையும் பார்த்தார்.

"இன்னிக்குத்தான் பல் எடுத்தீங்களா?"

"ஆமாம்மா."

"நீங்களும் ஒண்ணு போட்டீங்களா?"

கோபமாகக் கேட்கவில்லை. நோயாளியிடம் மருந்து சாப்பிட்டீர்களா என்று கேட்பது போலத்தான் கேட்டார். எந்தக் கேள்வியையும் தள்ளிப் போட்டே பிழைத்தவன் வாய்தா.

"போட்டேன்" என்றான்.

 நர்ஸம்மா இன்னொரு புல்லை எடுத்து மிளகிடம் நீட்டினார். வாய்தா செருப்பைக் கழற்றிவிட்டுக் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். அது தின்கிறதா என்று தெரியாமல் அவனால் கீழே இறங்கிப் போக முடியவில்லை.